இறவாணத்தில் ஐஸ், கோளாறு அட்டிக்கில்: 2015 பாஸ்டன் குளிர்காலத்தில் ஒரு வீடு

2015 ஜனவரி மூன்றாம் வாரம்வரை பாஸ்டன் வட்டாரத்தில் பனி என்று சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. அப்புறம் 26, 27 தேதிகளில் ஒரு பனிப்புயல் வந்தது. லோகன் விமான நிலையத்தில் இரண்டடிக்கு மேல், மேற்கே வொர்செஸ்டரில் 34.5 அங்குலம். அது கரைவதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. பிப்ரவரியில் மட்டும் நகரத்தில் 64.8 அங்குலம் விழுந்தது. சீசன் முடிந்து கணக்குப் பார்த்தபோது 110.6 அங்குலம், ஏறக்குறைய 281 சென்டிமீட்டர். 1995-96 குளிர்காலத்தின் 107.6 அங்குலச் சாதனை போய்விட்டது. தெருக்களிலிருந்து அள்ளிப்போய் சீபோர்ட் பகுதியில் கொட்டிய பனிக்குவியல் ஜூலை 14 அன்றுதான் முழுசாகக் கரைந்து முடிந்தது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை 19 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ். கூரைமேல் கனத்த பனி, வெளியே விடாத உறைகுளிர். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கிழக்கு மாசசூசெட்ஸில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சுவரிலேயே பார்த்தார்கள்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அதில் ஒரு வீட்டை. பாஸ்டனுக்கு மேற்கே, 1950களில் கட்டிய கேப் வகை வீடு. கீழே ஒரு தளம். மேல்தள அறைகள் கூரைக்குள்ளேயே செருகியிருக்கும். அந்த அறைகளில் கூரைச் சரிவே பாதி உட்கூரையாக இருக்கும், ஓரங்களில் இடுப்பளவுச் சுவர், அதற்குப் பின்னால் தவழ்ந்து போகிற அளவுக்கு முக்கோண வடிவில் ஓர் ஓர அட்டிக், அதாவது கூரைக்கடியில் யாரும் குடியிருக்காத வெற்றிடம். வீடு நண்பருடையது. வீடுகளில் வெப்பம் எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை என்பதால் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. சாப்பாட்டு ரூம் ஜன்னலுக்கு மேலேருந்து தண்ணி சொட்டுது. கூரை மாத்தி மூணு வருஷம்கூட ஆகலை, ஷிங்கிள் போட்டவங்க ஏமாத்திட்டாங்களா?”

ஏமாற்றவில்லை. கூரையில் குறையே இல்லை. இதைத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பலருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

கூரைமேல் நடப்பது

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூடு எப்படியோ அட்டிக்குக்குப் போய்க் கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. பலகை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது பூஜ்ய செல்சியஸைத் தொட்டதும் (இனி வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) அதன்மேல் படிந்த பனியின் அடிப்பகுதி உருக ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் பனி அப்படியே வெள்ளையாக இருக்கும். தண்ணீர் அதற்கடியில் சத்தமில்லாமல் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்துக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. அதற்குக் கீழே வீடு இல்லை, வெறும் குளிர்காற்று. தண்ணீர் அங்கே உறைகிறது. அடுத்து வரும் தண்ணீர் அதன்மேல் உறைகிறது. இப்படி ஒரு வரப்பு எழும்பி, பின்னால் தண்ணீர் தேங்க ஆரம்பிக்கும். இதுதான் ஐஸ் டேம்.

ஷிங்கிள் என்பது நம் ஊர் ஓடு, கீற்று மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கவிந்து, வழிந்து ஓடும் தண்ணீரைக் கீழே தள்ளிவிடும் பொருள். நின்று தேங்கும் தண்ணீருக்கு அது தடை இல்லை. தேங்கியது பின்பக்கமாக ஏறி, ஷிங்கிளுக்கடியில் புகுந்து, ஆணித் துளை வழியாகச் சுவருக்குள் இறங்குகிறது. கேப் வீட்டில் இறவாணம் கீழ்த்தள ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பதால் அந்த ஜன்னல் சட்டத்தில் வந்து சொட்டுகிறது.

கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் வாய்க்காலான கட்டர் அடைத்துக்கொண்டதால்தான் இது வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கட்டரே இல்லாத வீட்டிலும் ஐஸ் டேம் கட்டும். கட்டரில் ஐஸ் நிறைவது விளைவு, காரணம் அல்ல.

சரி, எவ்வளவு தண்ணீர்? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். வெப்பம் கசியாமல் இருக்க விரிக்கும் இன்சுலேஷனின் தடுக்கும் திறனை இங்கே ஆர் மதிப்பு என்று அளக்கிறார்கள். எண் கூடினால் வெப்பம் குறைவாகக் கடக்கும். பனியும் வெப்பத்தைத் தடுக்கும் பொருள்தான். புதுப்பனிக்கு அங்குலத்துக்குச் சுமார் ஆர்-1 வைக்கலாம். வீட்டுக்குள் 68 டிகிரி, வெளியே அந்தப் பிப்ரவரியின் 19 டிகிரி, கூரைமேல் 20 அங்குலப் பனி என்று வைப்போம். அட்டிக்கில் அமுங்கிப்போன பழைய இன்சுலேஷன், ஆர்-10 இருக்கலாம். வீட்டுச் சூட்டுக்கு வெளியே போக 30 பங்கு தடை என்றால் அதில் 20 பங்கு பனியில் இருக்கிறது. பனி உருகாமல் இருந்தால் கூரைப் பலகை 50 டிகிரிக்கு மேல் போயிருக்கும். உருகுவதால் 32இல் நிற்கிறது. அந்த உருகலை மட்டும் கணக்கிட்டால் ஒரு சதுர அடிக்கு நாளொன்றுக்கு அரை பவுண்டு தண்ணீர். 500 சதுர அடிச் சரிவு ஒன்றிலிருந்து தினமும் சுமார் 110 லிட்டர் இறங்கி இறவாணத்துக்கு வருகிறது.

அதே கூரை, அதே பனி, இன்சுலேஷன் மட்டும் ஆர்-49 என்று மாற்றினால்? சுமார் 3 லிட்டர். காற்றோட்டம், வெயில், காற்றுக்கசிவு எதையும் சேர்க்காத காகிதக் கணக்குதான் இது. ஆனாலும் 110க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம்தான் முழுக்கதையும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆர்-49 இருந்தும் பலகை 32 டிகிரியை லேசாகத் தொட்டுவிடுகிறது. பனி பத்து அங்குலமாக இருந்தால் 27 டிகிரிக்கு அருகில் நின்று, உருகலே இருக்காது. சாதாரண வருடங்களில் பிரச்சினை காட்டாத நல்ல வீடுகளும் 2015இல் மாட்டிக்கொண்டது இதனால்தான். பனி கனக்கக் கனக்க அதுவே கூரைக்கு இன்சுலேஷன் ஆகிவிடுகிறது, அதுவும் தப்பான பக்கத்தில்.

ராணுவ முகாமில் கிடைத்த இரண்டு எண்கள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு, வீடுகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, ஒன்டாரியோ ஏரிக்காற்று பனியை வாரிக்கொட்டும் இடத்தில் ஃபோர்ட் டிரம் ராணுவ முகாம் இருக்கிறது. அங்கிருந்த கட்டடங்களின் இறவாணங்களில் பெரும் ஐஸ் கட்டி அச்சுறுத்தியது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவரில் உள்ள அமெரிக்க ராணுவத்தின் குளிர்மண்டல ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டோபியாசன், புஸ்கா, கிரேட்டோரெக்ஸ் ஆகியோர் அந்த அட்டிக்குகளில் வெப்பமானிகளைப் பொருத்தி 1990களில் அளந்தார்கள். வெளியே 22 டிகிரிக்குக் கீழேயும், அட்டிக்குக்குள் 30 டிகிரிக்கு மேலேயும் இருக்கும்போதுதான் தொல்லை தரும் ஐஸ் கட்டுகிறது என்று கண்டார்கள். வெளியே 22க்கு மேல் இருந்தால் இறங்கும் தண்ணீர் பெருமளவு உறைவதற்குள் வழிந்துவிடும். அட்டிக் 30க்குக் கீழே இருந்தால் உருக வேண்டியதே உருகாது.

இதிலிருந்து அவர்கள் ஒரு விதி சொன்னார்கள்: வெளியே 22 டிகிரி இருக்கும்போது அட்டிக்கை 30 டிகிரிக்கு மேல் போகவிடாத அளவுக்குக் காற்றோட்டம் இருக்க வேண்டும். பாஸ்டனின் அந்தப் பிப்ரவரிச் சராசரி 19 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மாதச் சராசரியே அபாயக் கோட்டுக்குக் கீழே.

எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம் அதன் எளிமை. கடையில் கிடைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை அட்டிக்கில் வைத்தால் போதும், எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டைத் தானே சோதித்துக்கொள்ளலாம். நண்பர் வீட்டில் அதைத்தான் முதலில் செய்தோம். வெளியே 10க்கும் 20க்கும் நடுவே இருந்த ஒரு காலையில் ஓர அட்டிக் 40 டிகிரியைத் தாண்டி இருந்தது.

உள்ளே பார்த்தது

இடுப்பளவுச் சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். தரையில் இளஞ்சிவப்பு ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷன் விரித்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் கரிபடிந்த மாதிரி கறுத்திருந்தது. எரிந்த கறுப்பு அல்ல. வருடக்கணக்காக வீட்டுக் காற்று அதன் வழியே வடிகட்டி மேலே போனதில் தங்கிய தூசு. எங்கெல்லாம் அந்தக் கறுப்பு இருந்ததோ அங்கெல்லாம் அடியில் ஓட்டை இருந்தது. மின்கம்பி இறங்கிய துளை, குழாய் ஏறிய துளை, சுவர்ச் சட்டத்துக்கும் அதை மூடும் ஜிப்சம் பலகையான ட்ரைவாலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஃபைபர்கிளாஸ் வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

புகைபோக்கியைச் சுற்றிக் கையகலச் சந்து இருந்தது. நிலத்தடி அறையின் சூட்டுக்காற்றுக்கு அது நேர்வழி. மேல்மாடிக் குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் இன்சுலேஷன்மேல் படுத்துக்கிடந்தது. யாராவது வெந்நீரில் குளித்தால் அந்த நீராவி மொத்தமும் கூரைக்கடியில் போகும். கூரைப் பலகையில் துருத்திய ஆணி முனைகளில் உறைபனி பூத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் கேப் வீட்டின் பெரிய குற்றவாளி இவை எதுவும் இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு அடியில், மேல்தளத் தரையின் உத்தரங்களுக்கு நடுவே உள்ள பொந்துகள்தான். அவை ஓர அட்டிக்கிலிருந்து தொடங்கி அறைத் தரைக்கடியில் நேராக ஓடுகின்றன. கீழ்த்தள உட்கூரைக்கும் மேல்தளத் தரைக்கும் நடுவில் இருக்கும் சூடான காற்று அந்தப் பொந்துகள் வழியாக ஓர அட்டிக்குக்கு வருகிறது, எந்தத் தடையும் இல்லாமல். அங்கே கைவைத்தாலே சூடு தெரிந்தது. இறவாணத்துக்கு இரண்டடி பின்னால் ஹீட்டர் வைத்த மாதிரி ஆகிவிட்டது அந்த வீடு.

அவசரத்தில் செய்தது

தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அட்டிக் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ட்ரைவால் தண்ணீரில் உப்பி நின்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் சின்னத் துளை போட்டு, கீழே வாளி வைத்தோம். அப்படியே விட்டால் கூரைத்தட்டி மொத்தமாக விழும்.

வெளியே, நீளக் கைப்பிடி கொண்ட ரூஃப் ரேக்கால் தரையில் நின்றபடியே ஓரத்துப் பனியை இழுத்துத் தள்ளினோம். ஏணி வேண்டாம். ஐஸ் படிந்த தரையில் ஏணி போட்டு விழுந்தவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. ரேக்கின் அலுமினியக் கைப்பிடி மின்கம்பியைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நீளமான காலுறைகளில் கால்சியம் குளோரைடு நிரப்பி, ஐஸ் வரப்புக்குக் குறுக்கே, சரிவை ஒட்டி, நுனி கட்டருக்கு வெளியே தொங்கும்படி படுக்கவைத்தோம். சில மணி நேரத்தில் அது ஐஸை அறுத்து ஒரு வாய்க்கால் போடும். தேங்கிய தண்ணீர் அதன் வழியாக வெளியேறும். சாப்பாட்டு உப்பும் பாறை உப்பும் இதற்கு உதவாது. அந்தக் குளிரில் அவை சரியாக வேலை செய்வதில்லை, உலோகத்தை அரிக்கும், கீழே உள்ள செடியையும் கெடுக்கும்.

பக்கத்து வீட்டில் ஆள் வைத்துச் சுத்தியலாலும் கோடரியாலும் ஐஸை உடைத்தார்கள். ஐஸ் போனது, கூடவே குளிரில் விறைத்திருந்த ஷிங்கிளும் போனது. காசு கொடுத்து அகற்றத்தான் வேண்டும் என்றால் நீராவிக் கருவி வைத்திருப்பவர்களைக் கூப்பிடுவதே சரி. அழுத்தநீர்க் கருவி வேறு, நீராவி வேறு. கூப்பிடும்போதே கேட்டுவிட வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான வீட்டுப் பாலிசிகள் உள்ளே நனைந்த சுவர், தரைக்குப் பணம் தரும். ஐஸை அகற்றிய கூலிக்கும் அட்டிக்கைச் சரிசெய்யவும் தருவது அபூர்வம். சேதத்தைப் படமெடுத்த பிறகே துடைக்க வேண்டும்.

கோடையில் நடந்த வேலை

நண்பருக்கு அப்போது வந்த முதல் யோசனை, இறவாணத்தில் கோணல்மாணலாக ஓடும், மின்சாரத்தில் சூடாகும் ஹீட் கேபிள். நான் வேண்டாம் என்றேன். அடிக்கு 5 வாட் என்று வைத்தாலும் 100 அடிக்கு 500 வாட். நாள் முழுக்க ஓடினால் 12 யூனிட். அத்தனை மின்சாரத்துக்கும் அது செய்வது ஐஸில் சில வாய்க்கால் போடுவது மட்டுமே. வீட்டிலிருந்து கசியும் சூட்டால் வந்த பிரச்சினையைச் சரிக்கட்ட மேலும் சூட்டை வாங்கி ஊற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேறு வழியே இல்லாத கூரை மூலைகளுக்கு மட்டும் அது சரி.

மாசசூசெட்ஸில் மின்சார, எரிவாயு பில்லோடு வசூலிக்கும் தொகையிலிருந்து நடக்கும் மாஸ் சேவ் திட்டம் உண்டு. வீட்டைப் பரிசோதிப்பது இலவசம். இன்சுலேஷன் செலவில் 75 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், அப்போது அதுவே ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே மாதாமாதம் பில்லில் கட்டிய காசு அது. நம் ஆட்களில் பலர் இதைப் பயன்படுத்தாமலே விடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வேலையில் வரிசை முக்கியம். முதலில் காற்றை அடைக்க வேண்டும், பிறகுதான் இன்சுலேஷன். கனமாக இன்சுலேஷனைக் கொட்டிவிட்டால் அடியில் உள்ள ஓட்டைகளைத் தேடவே முடியாது. ப்ளோயர் டோர் விசிறியை வாசலில் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தபோது, அட்டிக்கின் எந்தெந்தச் சந்து வழியாகக் காற்று வருகிறது என்று கையை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தது. குழாய், கம்பித் துளைகளில் ஃபோம் அடித்தோம். புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடாது. தகரம் வெட்டிப் பொருத்தி, தீ தாங்கும் பூச்சால் விளிம்பை அடைத்தார்கள். உத்தரப் பொந்து ஒவ்வொன்றுக்கும் கெட்டி ஃபோம் பலகையை அளந்து வெட்டி, இடுப்பளவுச் சுவருக்கு நேர் கீழே செருகி, சுற்றிலும் அடைத்தார்கள். அதிக நேரம் பிடித்ததும், அதிகப் பலன் தந்ததும் இந்த வேலைதான். குளியலறை விசிறிக் குழாய் சுவர் வழியாக வெளியே போனது.

அப்புறம் செல்லுலோஸ், அதாவது காகிதத் துகளில் செய்த இன்சுலேஷன். மேல்தள அறைகளுக்கு மேலே உள்ள உச்சி அட்டிக்கில் 14 அங்குல உயரம் ஊதினால் ஆர்-49 கிடைக்கும். ஓர அட்டிக்கின் தரையிலும், இடுப்பளவுச் சுவரின் பின்புறத்திலும் தனியாக இன்சுலேஷன். இறவாணத்துப் பக்கம் செல்லுலோஸ் சரிந்து காற்று வரும் வழியை அடைக்காதபடி முதலிலேயே தடுப்புத் தகடுகளைப் பொருத்த வேண்டும். கீழே இறவாணத்தின் அடியில் சாஃபிட் துளை, மேலே கூரை உச்சியில் ரிட்ஜ் வென்ட் எனும் காற்றுத் திறப்பு. இப்படிக் கீழும் மேலும் பிரித்து வைக்கும்போது, அட்டிக் தரையில் 300 சதுர அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது கட்டட விதியில் உள்ள அளவு. காற்றோட்டம் மூன்றாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. கீழே ஓட்டைகளை அடைக்காமல் மேலே திறப்பை மட்டும் கூட்டினால் வீட்டின் சூட்டுக்காற்றை அது இன்னும் வேகமாக இழுக்கும்.

வீட்டை இறுக்கி மூடிய பிறகு ஹீட்டரின் புகை சரியாக வெளியேறுகிறதா, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்புகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கும் ஆளை வேலைக்கு வைக்காதீர்கள்.

அடுத்து வந்த 2015-16 குளிர்காலம் மிதமானது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. உண்மையான சோதனை 2017 டிசம்பர் கடைசியில் வந்தது. ஒரு வாரம் பாஸ்டனில் பகல் வெப்பம்கூட 20 டிகிரியைத் தாண்டவில்லை. 2018 ஜனவரி 4 அன்று ஓரடிக்கு மேல் பனி, அதன்பின் மீண்டும் கடுங்குளிர். அந்த வாரம் ஓர அட்டிக்கின் வெப்பமானி 20களில் நின்றது. இறவாணத்தில் விரல் நீள ஐஸ் தொங்கல்கள் சில இருந்தன, வரப்பு கட்டவில்லை, ஜன்னல் சட்டம் காய்ந்தே இருந்தது.

தீராமல் நிற்பது சரிவுப் பகுதி. அறையின் சாய்ந்த உட்கூரைக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே அந்த வீட்டில் ஐந்தரை அங்குலம்தான் இடம். செல்லுலோஸை அடர்த்தியாகத் திணித்தாலும் ஆர்-20ஐ ஒட்டித்தான் வரும், காற்றோடக் கொஞ்சமும் இடம் மிஞ்சாது. இன்னொரு 2015 வந்தால் அந்தப் பட்டையில் பனி உருகும். அதற்கு உள்ளிருந்து செய்வதற்கு இனி எதுவும் இல்லை. அடுத்த முறை ஷிங்கிளைக் கழற்றும்போது பலகைக்கு மேலே கெட்டி ஃபோம் வைத்து, அதன்மேல் காற்று ஓடும் இடைவெளியும் இன்னொரு பலகையும் போட்டுக் கூரையைக் கட்ட வேண்டும். கூடவே இறவாணத்தில் ஒட்டும் நீர்த்தடைச் சுருளை, விதிப்படி, வெளிச்சுவர்க் கோட்டிலிருந்து குறைந்தது 24 அங்குலம் உள்ளே வரும்வரை விரிக்க வேண்டும். ஓரடி நீட்டிய இறவாணத்தில் சரிவு நீளத்தையும் சேர்த்தால் 36 அங்குலச் சுருள் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கூரைக்காரர் ஒன்றோடு நிறுத்தப் பார்த்தால் டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.